நடுமரம் இல்லாத ஆல்

உயிரைத் தேடப் புறப்படுகிற மனம் முதலில் ஓர் இடத்தைத்தான் தேடுகிறது. உடம்பில் உயிர் எங்கே இருக்கிறது? நெஞ்சுக்குள்ளா, மூச்சுக்குள்ளா, புருவ நடுவிலா? மரத்தில் எங்கே இருக்கிறது? வேரிலா, தண்டிலா, தளிரிலா? எங்கோ ஓரிடத்தில் அது அமர்ந்திருக்க வேண்டும், அங்கிருந்தபடியே மற்ற எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று மனம் எண்ணுகிறது. அந்த இடம் தெரிந்துவிட்டால் அதைக் காத்துக்கொள்ளலாம், பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்றும் எண்ணுகிறது. நம்முடைய அச்சங்களில் பெரும்பாலானவை அந்தப் பூட்டைச் சுற்றித்தான் வளர்கின்றன.

இன்று அந்தத் தேடலை நாம் சேர்ந்து, கொஞ்சம் மெதுவாக நடத்திப் பார்ப்போம். அவசரம் ஒன்றும் இல்லை. துணைக்கு ஒரு மரம் இருந்தால் போதும்.

சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபையின் தோட்டத்தில் ஓர் ஆலமரம் இருக்கிறது. வயது ஏறத்தாழ 450 ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள். அந்த நிலம் சபையின் கைக்கு வந்தபோதே அது முதுமரம். அதன் நிழலில் அன்னி பெசன்ட் பேசியிருக்கிறார், ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசியிருக்கிறார். பேச்சு ஓய்ந்த பிறகும் எழுந்து போக மனமில்லாமல் எத்தனையோ பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். 1989-இல் அடித்த புயலில் அதன் நடுமரம் வேரோடு சாய்ந்தது. எந்தத் தண்டிலிருந்து அத்தனை கிளையும் அத்தனை விழுதும் தொடங்கினவோ, அந்தத் தண்டே போய்விட்டது. மரம் போகவில்லை. விழுதுகள் ஏந்திக்கொள்ள, கிளைகள் முன்பு இருந்தபடியே விரிந்திருக்க, அது இன்றும் தளிர்க்கிறது, பழுக்கிறது, பறவைகளை அழைக்கிறது.

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவின் தாவரவியல் தோட்டத்தில் நிற்கும் பேராலுக்கும் இதே வரலாறுதான். 19ஆம் நூற்றாண்டின் புயல்களில் அடிபட்டு, பூஞ்சை ஏறி, நடுமரம் உள்ளே அழுகத் தொடங்கியது. 1925-இல் அதை வெட்டி அகற்றினார்கள். மரம் அதற்குப் பிறகும் பரந்துகொண்டே போனது. இன்று போய்ப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு காடாகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான விழுதுகள் தூணாகிவிட்டன. நடுமரம் நின்ற இடம் எது என்று யாராவது காட்டினால்தான் தெரியும்.

இந்த இரண்டு மரங்களையும் நினைக்கும்போதெல்லாம் மனம் தானே சற்று நின்றுவிடுகிறது. உயிர் நடுமரத்தில் குடியிருந்திருந்தால் நடுமரத்தோடு போயிருக்கும். அது போகவில்லை. தண்டுக்கும் விழுதுக்கும், விழுதுக்கும் மண்ணுக்கும், இலைக்கும் வெயிலுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த ஓர் இசைவில் அது இருந்தது. இசைவு நின்றவரை மரம் நின்றது. கோவில் தேர் நகரும்போது வடத்தில் இருக்கும் ஆயிரம் கைகளில் எந்தக் கை அதை நகர்த்துகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாலு கை விலகினாலும் தேர் நகர்கிறது. புதிதாக நாலு கை வந்து சேர்ந்தாலும் நகர்கிறது. எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் இழுப்பதில்தான் அந்த நகர்தல் இருக்கிறது.

சாய்ந்த தண்டை எண்ணிப் பாருங்கள். விழுந்த அன்று அதில் எதுவும் குறைந்திருக்கவில்லை. அதே நீர், அதே பால், அதே மரம், அதே பட்டை. ஓர் அணுகூடக் குறையாமல் எல்லாம் அங்கேயே கிடந்தன. கொடுக்கலும் வாங்கலும் மட்டும் நின்றுபோயின. பொருள் அத்தனையும் இருந்தும் உயிர் இல்லை என்றால், உயிரைப் பொருள்களுக்கு நடுவே ஒரு பொருளாகத் தேடுவதில் பயனில்லை என்று நமக்கு மெல்லப் புலப்படுகிறது.

இன்னும் உள்ளே போவோம். 1665-இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் ஒரு தக்கைத் துண்டை மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். சின்னச் சின்ன அறைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. உயிருள்ளவை எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று இன்று நாம் அறிந்திருக்கிற செல்லை மனிதக் கண் அப்போதுதான் கண்டது. ஆனால் அவர் கண்டது சுவர்களை மட்டும். தக்கை என்பது மரத்தின் இறந்த பட்டை. அந்த அறைகளுக்குள் யாரும் இல்லை. உயிரின் வீட்டை மனிதன் முதன்முதலாக எட்டிப் பார்த்தபோது வீடு காலியாக இருந்தது.

அது தற்செயலாக நேர்ந்தது என்றாலும், மரத்தைப் பற்றிய ஓர் உண்மை அதற்குள் இருக்கிறது. நிற்கின்ற மரத்தில் நீரை மேலே ஏற்றும் குழாய்கள் எல்லாம் இறந்த செல்களின் சுவர்களே. அந்தச் செல்கள் பிறக்கின்றன, நீள்கின்றன, சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கின்றன, பிறகு தமக்குள் இருந்த அத்தனையையும் கரைத்துவிட்டு வெறுமையாகின்றன. அந்த வெறுமையின் வழியாகத்தான் வேரின் நீர் உச்சித் தளிருக்குப் போகிறது. அவை தம்மைத் தாமே நிரப்பிக்கொண்டு இருந்திருந்தால் வழி அடைபட்டிருக்கும். உயிரோடு இருந்து மரத்தைப் பருக்கவைப்பது, பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மிக மெல்லிய ஒரு படலம். கேம்பியம் என்று அதைச் சொல்கிறார்கள். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் ஈன்றுகொண்டே, இரண்டிலும் சேராமல் அது புதிதாக இருந்துவருகிறது. இத்தனை பெரிய மரத்தில் இறந்தவையும் இருப்பவையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இறந்தவற்றை அப்புறப்படுத்திவிட்டு உயிருள்ளதை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று யாராவது நினைத்தால் அந்த மரம் ஒரு நாளும் நிற்காது.

நம் உடம்பிலும் இதே வெறுமை வேலை செய்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஒவ்வொரு சிவப்பணுவும், முதிர்கிற வேளையில் தன் நடுவில் இருக்கும் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் உள்ளே இடம் உண்டாகிறது. அந்த இடத்தில் அது உயிர்வளியைச் சுமக்கிறது. நடு இல்லாமலே ஏறத்தாழ 120 நாள் நம் உடம்பு முழுவதும் சுற்றி வந்து, பிறகு அமைதியாகக் கரைந்துபோகிறது. நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் அணுக்கள் இப்படிப் பிறக்கின்றன, ஏறத்தாழ அதே அளவு விடைபெறுகின்றன. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்களுக்குள் அத்தனை வரவும் அத்தனை போக்கும் நடந்துவிட்டன. நீங்கள் எதையும் செய்யவில்லை. எதையும் இழந்ததாக உணரவும் இல்லை.

மரம் எதனால் ஆகிறது என்று பார்க்க ஒருவர் மிகுந்த பொறுமையோடு ஒரு சோதனை செய்தார். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்று ஒன்றை அதில் நட்டார். ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வந்தார். அதன் பிறகு நிறுத்துப் பார்த்தால் மரம் 169 பவுண்டு. மண் குறைந்ததோ சில அவுன்சுகள்தான். அவர் இறந்த பின் 1648-இல் இது அச்சில் வந்தது. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அதில் பாதிதான் உண்மை. மரத்தின் உடம்பில் பெரும்பங்கு காற்றிலிருந்து வருகிறது என்பது பின்னால் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவை இலை வாங்கி, வெயிலின் துணையோடு நீரில் கோத்து, கையால் தட்டினால் ஒலிக்கிற கட்டையாக ஆக்குகிறது. நாம் சாய்ந்து உட்காருகிற அந்தத் திண்மை காற்றிலிருந்து வந்தது. வேர் உறிஞ்சிய நீரிலும் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் இலைகளின் நுண்துளைகள் வழியே மறுபடி வானத்துக்கே போய்விடுகிறது. மரம் தனக்கென்று வைத்துக்கொள்வது மிகக் கொஞ்சம். வாங்குவதெல்லாம் தன் வழியாகப் போவதற்கே என்று அது வாழ்கிறது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலக ஆருணி என்ற தந்தை, கல்வி முடித்து வந்த தன் மகன் சுவேதகேதுவிடம் ஓர் ஆலம்பழம் கொண்டுவரச் சொல்கிறார். பழத்தைப் பிளக்கச் சொல்கிறார். உள்ளே மிக நுண்ணிய விதைகள். ஒரு விதையைப் பிளக்கச் சொல்கிறார். என்ன காண்கிறாய் என்று கேட்கிறார். ஒன்றும் காணவில்லை என்கிறான் மகன். நீ காணாத அந்த நுண்மையிலிருந்துதான் இந்தப் பேரால் எழுந்து நிற்கிறது என்று தந்தை சொல்கிறார். அதற்குச் சற்று முன்னால், ஒரு மரத்தின் ஒரு கிளையை உயிர் விட்டு விலகினால் அந்தக் கிளை மட்டும் காய்கிறது, முழு மரத்தையும் விட்டு விலகினால் முழு மரமும் காய்கிறது என்றும் அவர் விளக்கியிருக்கிறார். அந்த மகன் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு, எல்லாம் அறிந்தவன் என்ற நிமிர்வோடு வீட்டுக்கு வந்தவன். அவனைத் தந்தை ஒரு விதைக்கு முன்னால் உட்காரவைத்து, ஒன்றும் காணவில்லை என்று சொல்லவைத்தார். கற்றவன் வாயிலிருந்து வரக்கூடிய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தேடிப் போன கை வெறுமையைத் தொட்டு, அங்கே அமைதியாக நின்றுவிடுகிற கணம் அது.

பச்சை இலைக்குள் இருக்கும் பசுங்கணிகத்தைத் தேடிப் போனவர்களும் ஒரு வியப்பைத்தான் தொட்டார்கள். வெயிலை உணவாக்கும் அந்த நுண்ணுறுப்பு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் தனியே வாழ்ந்திருந்த ஒரு நுண்ணுயிரின் வழித்தோன்றல் என்று லின் மார்குலிஸ் 1967-இல் எடுத்துரைத்தார். தொடக்கத்தில் பலர் ஏற்கத் தயங்கினார்கள். இன்று அது பாடநூல் உண்மை. நம் செல்களில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அப்படி வந்த விருந்தாளியே. விருந்தாளி வந்து தங்கி, வீட்டோடு கலந்து, இன்று விருந்தாளி இல்லாவிட்டால் வீடே இல்லை. நம் உடம்பின் செல்களை எண்ணினால், நமக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் இருக்கின்றன. இவர்களில் யார் உரிமையாளர்?

ஆலமரத்துக்கு வெளியே போனாலும் கேள்வி ஓயாது. ஆலுக்குப் பூவே இல்லை என்று நாம் நினைக்கிறோம். ஆலம்பழம் என்பதே உள்பக்கமாக மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்து. மிகச் சிறிய ஒரு குளவி அதன் வாய் வழியே நெருக்கிக்கொண்டு நுழைகிறது. சிறகை இழந்து, மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. அதன் மக்கள் அந்தப் பூக்களுக்குள் பிறந்து, மகரந்தம் ஏந்தி வேறொரு மரத்தைத் தேடிப் பறக்கின்றன. பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி என்று முகம் சுளிக்கிறோமே, அந்தப் பூச்சி இல்லாவிட்டால் ஆலுக்கு விதை இல்லை. ஆல் இல்லாவிட்டால் அந்தக் குளவிக்குப் பிறப்பு இல்லை. பிறகு பறவை வந்து பழத்தை உண்டு, பனைமர உச்சியில் விதையை விட்டுச் செல்கிறது. பனையை அணைத்துக்கொண்டு ஆல் இறங்குகிறது. ஒரு மரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியுமா?

எவ்வளவு உள்ளே போனாலும், எவ்வளவு வெளியே வந்தாலும், நாம் சந்திப்பது ஒன்றையேதான். தனியே நின்று ஆளுகிற ஒருவர் எங்கும் இல்லை. கூடி இருக்கிற இசைவு எங்கும் இருக்கிறது.

இப்போது மனத்தின் பக்கம் மெதுவாகத் திரும்புவோம். நமக்குள் 'நான்' என்று ஒரு நடுமரம் நிற்பதாக நாம் உணர்கிறோம். அதைச் சுற்றித்தான் எல்லாம் நடப்பதாக எண்ணுகிறோம். நம் விருப்பங்களைச் சற்று விலகி நின்று பார்த்தால், அவற்றில் பல அந்த நடுமரத்தைப் பருக்கவைக்கும் முயற்சியாகவே இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் புகழ் வந்தால் அது உறுதியாகும். இன்னும் கொஞ்சம் பொருள் சேர்ந்தால் அது சாயாது. பிள்ளைகள் நாம் சொன்னபடி நடந்தால் அது நிமிர்ந்து நிற்கும். இப்படி ஆசை ஒவ்வொன்றாக வந்து அதற்கு முட்டுக் கொடுக்கிறது. முட்டுக் கொடுத்த பிறகும் காற்று வீசும்போதெல்லாம் நாம் நடுங்குகிறோம். காற்று வீசாத நாளிலும், வீசிவிடுமோ என்று நடுங்குகிறோம்.

ஆசை தவறு என்று இங்கே சொல்ல வரவில்லை. விழுதும் ஆசையோடுதான் இறங்குகிறது. ஈரத்தை நாடுகிறது, மண்ணை நாடுகிறது. நாடாத உயிர் எதுவும் இல்லை. பசி இருக்கிற இடத்தில்தான் உயிர் இருக்கிறது; அதனால்தான் வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியபோது அடுப்பை முதலில் மூட்டினார், அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. மரத்தின் ஆசைக்கும் நம் ஆசைக்கும் இடையே ஒரு சிறு வேறுபாடு மட்டும் இருக்கிறது. மரம் வாங்குகிறது, விடுகிறது. நாம் வாங்குகிறோம், விட மறுக்கிறோம். விட மறுக்கிற இடத்தில் அமைதி குலைகிறது.

அமைதி என்றதும் அசையாமை நினைவுக்கு வருகிறது. அசையாமை இரண்டு வகை. கல்லும் அசையாமல் இருக்கிறது, ஆலும் அசையாமல் இருக்கிறது. எர்வின் ஷ்ரோடிங்கர் என்ற இயற்பியலாளர் 1943-இல் டப்ளின் நகரில் உயிர் என்றால் என்ன என்பதைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். உலகில் எல்லாப் பொருளும் தன்போக்கில் விட்டால் ஒழுங்கு குலைந்து, ஆறி, ஒரு சமநிலையில் அடங்கிவிடும். உயிர் மட்டும் தன் சூழலிலிருந்து ஒழுங்கை உண்டு, அந்த அடங்கலுக்குள் விழாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது அவருடைய கருத்தின் சாரம். கல்லின் அமைதி எல்லாம் முடிந்த பிறகு வரும் அமைதி. ஆலின் அமைதிக்குள் இடைவிடாத வரத்து இருக்கிறது, போக்கு இருக்கிறது, பிறப்பும் கரைவும் இருக்கின்றன. மனத்தை மரக்கட்டையாக்கிக்கொள்வதை அமைதி என்று நினைத்து எத்தனையோ நல்ல உள்ளங்கள் தம்மைத் தாமே வருத்திக்கொள்கின்றன. அது வேண்டியதில்லை. எண்ணங்கள் வரட்டும். வந்தவை போகட்டும். வரவும் போக்கும் தடையில்லாமல் நடக்கிற மனம் ஏற்கெனவே அமைதியில்தான் இருக்கிறது.

நம் சிவாலயங்களின் தென்புறச் சுவரில் ஆலின் கீழ் அமர்ந்திருப்பவரை நாம் எல்லாரும் அறிவோம். குரு இளைஞர், சீடர் நால்வரும் முதியவர்கள், நடப்பது மௌன உபதேசம். வியாழக்கிழமைகளில் கொண்டைக்கடலை மாலையோடு அவர் முன் நிற்கிறோம். அவர் பார்க்கும் திசை தெற்கு. காலனுடைய திசை என்று நம் முன்னோர் சொன்ன திசை. அந்தத் திசையை நோக்கித்தான் அவர் இத்தனை அமைதியாக அமர்ந்திருக்கிறார் என்பது நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

உயிர்களை வரிசைப்படுத்தும்போது தொல்காப்பியம், தொடுதலை மட்டும் அறிகிற புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிறது. பிறகு சுவை சேர்கிறது, மோப்பம் சேர்கிறது, பார்வை சேர்கிறது, கேள்வி சேர்கிறது. ஆறாவதாக மனம் சேர்கிற இடத்தில் மனிதன் வருகிறான். அந்த வரிசையில் வரும் எறும்பையும் நண்டையும் இன்றைய உயிரியல் வேறுவிதமாக அடுக்கும். ஆனாலும் ஒவ்வோர் அறிவும் முந்தியதன் மேல் வந்து அமர்கிறது என்ற அந்தப் பார்வை தியானத்தில் உட்காருகிறவருக்குப் பெரிய துணை. நமக்குள் ஆறாவது மட்டும் இல்லை; முதலாவதும் இருக்கிறது. மரம் அறிவதை நாமும் அறிகிறோம்.

ஆகவே ஒரு நாள், வசதியான ஓரிடத்தில் உட்கார்ந்து, மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். மனம் பேசுவதைப் பேசவிட்டு, கேட்பதற்கு இறங்குங்கள். தெருவின் ஒலி, மின்விசிறியின் ஒலி, அவ்வளவுதான். பிறகு கண்ணிமைக்குள் இருக்கும் வெளிச்சத்துக்கு இறங்குங்கள். பிறகு காற்றின் மணத்துக்கு. நாவில் தங்கியிருக்கும் சுவைக்கு. கடைசியில் தொடுதலுக்கு வந்து சேருங்கள். தரை உங்களைத் தாங்குகிறது. மூச்சு நாசியின் ஓரத்தைத் தொட்டு உள்ளே போகிறது, தொட்டு வெளியே வருகிறது. அங்கே காக்க வேண்டியது எதுவும் இல்லை, பூட்டும் இல்லை. சிறிது நேரத்தில் மனம் மறுபடி எழுந்து, இப்போது அமைதியாக இருப்பது யார் என்று கேட்கும். கேட்கட்டும். மறுபடி இறங்கலாம்.

சுவேதகேதுவும் ஒருமுறை கேட்டதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு விளக்கத்துக்குப் பிறகும் இன்னும் சொல்லுங்கள் என்று தந்தையிடம் வேண்டினான். அந்த உபதேசம் ஒன்பது முறை திரும்பத் திரும்ப வருகிறது. தேனீக்கள் சேர்க்கும் தேனை வைத்துச் சொன்னார், கடலில் கலக்கும் ஆறுகளை வைத்துச் சொன்னார், மரத்தை வைத்தும் விதையை வைத்தும் நீரில் கரைந்த உப்பை வைத்தும் சொன்னார். மகன் மறுபடி கேட்டபோதெல்லாம், ஏன் இன்னும் விளங்கவில்லை என்று அவர் கடிந்துகொள்ளவே இல்லை. சரி என்று சொல்லி அடுத்ததைத் தொடங்கினார்.